போக்கர் மேசையில் தோற்காத ஒரே தரப்பு: ‘ரேக்’ கட்டணம் ஆட்டக்காரரின் லாபத்தை எப்படிக் கரைக்கிறது?

பனாஜி: போக்கர் சீட்டாட்டத்தில் ஒருவர் இழக்கும் பணம் அதே மேசையில் அமர்ந்திருக்கும் மற்றொருவருக்குச் செல்கிறது. ஆட்டத்தை நடத்தும் கேசினோ யாருக்கு எதிராகவும் பந்தயம் கட்டுவதில்லை. ஆனாலும், இரவு முடியும்போது மேசைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு எந்த ஆட்டக்காரரின் கையிலும் இருப்பதில்லை. ஆட்டத்தை நடத்துவதற்காகக் கேசினோ எடுத்துக்கொள்ளும் ‘ரேக்’ எனப்படும் கட்டணமே அந்தப் பங்கு.

இணையவழிப் பண விளையாட்டுகள் அனைத்தையும், அவை திறன் சார்ந்தவையா அதிர்ஷ்டம் சார்ந்தவையா என்ற வேறுபாடு பாராமல் தடைசெய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அந்தத் தடை நேரடி மேசைகளுக்குப் பொருந்தாது. எனவே, பணம் வைத்துப் போக்கர் ஆட விரும்புவோருக்கு எஞ்சியிருப்பவை கோவா, சிக்கிம் ஆகிய மாநிலங்களின் கேசினோக்களும், சில மாநிலங்களில் இயங்கும் மனமகிழ் மன்றங்களும்தான். ‘போக்கர் திறமையின் விளையாட்டு, திறமை இருந்தால் சம்பாதிக்கலாம்’ என்ற நம்பிக்கையுடன் அங்கே அமர்பவர்கள், அந்தத் திறமை எவ்வளவு இருந்தால் போதும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டணத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கட்டணம் எவ்வாறு வசூலிக்கப்படுகிறது, ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆட்டக்காரருக்கு எவ்வளவு செலவாகிறது, இந்திய வரிகளும் சட்டங்களும் இதனை எவ்வாறு பார்க்கின்றன என்பதை இங்கு காணலாம்.

கேசினோவுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

ரூலெட், பிளாக்ஜாக் போன்ற ஆட்டங்களில் ஆட்டக்காரரின் எதிராளி கேசினோதான். ஆட்ட விதிகளிலேயே கேசினோவுக்குச் சாதகமான ஒரு சிறு சதவீதம் அமைந்திருப்பதால், அதற்குத் தனிக் கட்டணம் தேவைப்படுவதில்லை. ஒற்றைப் பூஜ்ஜியம் கொண்ட ரூலெட் சக்கரத்தில் இந்தச் சாதகம் 2.7 சதவீதம்.

போக்கர் அப்படிப்பட்டதல்ல. பரவலாக ஆடப்படும் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் வழங்கப்படுகின்றன. பின்னர் ஐந்து பொதுச் சீட்டுகள் மேசை நடுவில் திறக்கப்படுகின்றன. இடையிடையே பந்தயம் கட்டப்படுகிறது. அனைவரும் கட்டிய பணம் சேரும் நடுத் தொகுப்புக்கு ‘பாட்’ என்று பெயர். இறுதியில் சிறந்த சீட்டுச் சேர்க்கை வைத்திருப்பவரோ, மற்ற அனைவரையும் விலகச் செய்தவரோ அந்தத் தொகுப்பைப் பெறுகிறார்.

சீட்டு வழங்கும் ‘டீலர்’, கண்காணிப்பாளர், பாதுகாப்பு, இட வாடகை, உணவு என ஒரு மேசையை நடத்தக் கேசினோவுக்குச் செலவு உண்டு. ஆட்டத்தில் பங்கேற்காத நிறுவனம் அந்தச் செலவையும் தனது லாபத்தையும் கட்டணமாக மட்டுமே பெற முடியும். எனவே, கட்டணம் வசூலிப்பதில் நியாயமின்மை ஏதுமில்லை. அது எவ்வளவு, யாரிடமிருந்து, எந்த வேகத்தில் எடுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

வசூல் முறைகள் என்னென்ன?

முதலாவது, சதவீத முறை. ஒவ்வொரு ஆட்டச் சுற்றிலும் பாட் தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தை டீலர் எடுத்து, மேசையில் உள்ள பெட்டியில் போடுவார். பெரும்பாலும் இதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். பாட் எவ்வளவு பெரிதானாலும் அந்த வரம்புக்கு மேல் எடுக்கப்படாது. முதல் மூன்று பொதுச் சீட்டுகளான ‘ஃபிளாப்’ திறக்கப்படும் முன்பே சுற்று முடிந்துவிட்டால் கட்டணம் இல்லை என்பதும் பல இடங்களில் உள்ள நடைமுறை.

இரண்டாவது, நேரக் கட்டணம். பாட் தொகையைத் தொடாமல், அரை மணி நேரத்துக்கோ ஒரு மணி நேரத்துக்கோ ஒருமுறை ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் நிலையான தொகை பெறப்படும். பெரிய பந்தய மேசைகளில் இம்முறை அதிகம்.

மூன்றாவது, சுற்றுக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சீட்டாட்டக் கூடங்களில் பந்தயத் தொகையின் சதவீதமாகக் கட்டணம் வசூலிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே அங்கு நிலையான தொகையே எடுக்கப்படுகிறது.

இவை தவிர, அரிதான சீட்டுச் சேர்க்கை அமைந்தால் வழங்கப்படும் ‘ஜாக்பாட்’ பரிசுக்கென்று பாட் தொகையிலிருந்து தனியாக ஒரு தொகை கழிக்கப்படுவதும் உண்டு. டீலருக்கு வெற்றியாளர் வழங்கும் அன்பளிப்பு கட்டாயமில்லை என்றாலும், அதுவும் மேசையை விட்டு வெளியேறும் பணமே.

ஒரு மேசையின் கணக்கு

சதவீதம் சிறியதாகத் தோன்றுவதால் கட்டணமும் சிறியது என்று எண்ணுவது இயல்பு. ஓர் உதாரணக் கணக்கு அந்த எண்ணத்தை மாற்றக்கூடும். கீழே உள்ள எண்கள் எந்தவொரு குறிப்பிட்ட கேசினோவின் கட்டண விகிதமும் அல்ல. கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை.

ஒன்பது பேர் அமர்ந்துள்ள மேசை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய ‘பிளைண்ட்’ தொகைகள் ரூ.100, ரூ.200. போக்கரில் லாப நஷ்டத்தை அளக்கும் அலகு, இதில் பெரிய தொகையான ரூ.200 எனப்படும் பெரிய பிளைண்ட் ஆகும்.

நேரடி மேசையில் ஒரு மணி நேரத்தில் சுமார் 30 சுற்றுகள் நடைபெறும். அவற்றில் ஐந்து சுற்றுகள் ஃபிளாப் வருமுன்னே முடிந்துவிடுவதாகக் கொள்வோம். மீதமுள்ள 25 சுற்றுகளில் சராசரி பாட் ரூ.5,000, கட்டணம் 5 சதவீதம்.

சுற்று ஒன்றுக்குக் கட்டணம் ரூ.250. ஒரு மணி நேரத்துக்கு ரூ.6,250. ஒன்பது பேருக்குப் பகிர்ந்தால், தலைக்கு ஏறத்தாழ ரூ.694. அதாவது ஓர் இருக்கையின் மணிக்கணக்கான விலை மூன்றரை பெரிய பிளைண்ட்.

ஒன்பது பேரும் தலா ரூ.20,000 கொண்டு வந்திருந்தால் மேசையில் மொத்தம் ரூ.1,80,000 இருக்கும். ஆறு மணி நேரத்தில் கட்டணமாக மட்டும் ரூ.37,500 வெளியேறிவிடும். இது மேசைப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பத்து மணி நேரம் ஆடினால் வெளியேறும் தொகை ரூ.62,500, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இடையில் புதிய பணத்துடன் யாராவது வந்து சேராவிட்டால், மேசையின் கூட்டு இருப்பு கரைந்துகொண்டே இருக்கும்.

5 சதவீதம் என்பது மூன்றில் ஒரு பங்காக மாறியதன் காரணம் எளிது. கட்டணம் ஆட்டக்காரர் கொண்டு வந்த பணத்தின் மீது ஒருமுறை விதிக்கப்படுவதில்லை. அதே பணம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும் ஒவ்வொரு முறையும் விதிக்கப்படுகிறது.

நன்றாக ஆடினாலும் நஷ்டம் ஏன்?

கட்டணமே இல்லாத மேசையில், சராசரி ஆட்டக்காரருக்கு நீண்ட காலத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சராசரியைவிடச் சற்றே நன்றாக ஆடுபவருக்கு லாபம் உண்டு. கட்டணம் வந்ததும் இந்தக் கோடு இடம் மாறுகிறது.

மேற்கண்ட மேசையில், கட்டணத்துக்கு முன் மணிக்கு மூன்று பெரிய பிளைண்ட், அதாவது ரூ.600 வெல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேசையில் உள்ள பலரைவிட அவர் திறமையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டணம் ரூ.694, டீலருக்கான அன்பளிப்பு ரூ.56 எனக் கொண்டால், அவரது செலவு ரூ.750. ஆக, அவர் மணிக்கு ரூ.150 இழக்கிறார்.

மணிக்கு ஐந்து பெரிய பிளைண்ட், அதாவது ரூ.1,000 வெல்லக்கூடியவருக்கு எஞ்சுவது ரூ.250. அவரது திறமை ஈட்டியதில் நான்கில் மூன்று பங்கு செலவாகிவிடுகிறது. பத்து பெரிய பிளைண்ட் வெல்லக்கூடிய மிகச் சிலருக்கே குறிப்பிடத்தக்க லாபம் மிஞ்சும். அந்த அளவு வெற்றிக்கு, எதிரில் அமர்பவர்கள் மிகவும் பலவீனமானவர்களாக இருக்க வேண்டும்.

இந்த உண்மை ஆட்டக்காரரின் கண்ணில் எளிதில் படுவதில்லை. ஓர் இரவில் ரூ.20,000 வெல்வதும் அதே அளவு இழப்பதும் இத்தகைய மேசையில் சாதாரணம். அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே ஆறு மணி நேரத்துக்கான ரூ.4,164 கட்டணம் மறைந்துவிடுகிறது. தோற்றவர் சீட்டு சரியில்லை என்கிறார். வென்றவர் கட்டணத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை ஆறு மணி நேரம் வீதம் 50 வாரங்கள் ஆடினால், அந்த ஓர் இருக்கை ஆண்டுக்குச் செலுத்தும் கட்டணம் ரூ.2 லட்சத்தைத் தாண்டுகிறது. ஏற்ற இறக்கங்கள் காலப்போக்கில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளக்கூடும். கட்டணம் ஒரே திசையில் மட்டுமே செல்கிறது.

சிறிய பந்தயத்துக்கே பெரிய சுமை

உச்சவரம்பு என்பது ஆட்டக்காரருக்குச் சாதகமான விதியாகத் தோன்றும். உண்மையில் அது யாருக்குச் சாதகம் என்பது பந்தய அளவைப் பொறுத்தது.

முந்தைய உதாரணத்தில் சுற்றுக்கு ரூ.500 உச்சவரம்பு இருப்பதாகக் கொள்வோம். சராசரி பாட் ரூ.5,000 என்பதால் கட்டணம் ரூ.250. வரம்பு பெரும்பாலும் பயன்படாது. இப்போது பிளைண்ட் ரூ.500, ரூ.1,000 உள்ள மேசையைப் பார்ப்போம். சராசரி பாட் ரூ.25,000. அதில் 5 சதவீதம் ரூ.1,250, ஆனால் வரம்பு காரணமாக ரூ.500 மட்டுமே எடுக்கப்படும். 25 சுற்றுகளுக்கு ரூ.12,500, தலைக்கு ஏறத்தாழ ரூ.1,389. ரூபாய்க் கணக்கில் இது இரு மடங்கு. ஆனால் பெரிய பிளைண்ட் கணக்கில் 1.4 மட்டுமே. சிறிய மேசையில் அது 3.5.

குறைந்த பணத்துடன் பழகிப் பார்க்க வரும் புதியவர்கள்தான், பந்தய அளவோடு ஒப்பிட்டால், அதிகக் கட்டணம் செலுத்துகிறார்கள். ‘சிறிய மேசையில் வென்று பணம் சேர்த்துப் பெரிய மேசைக்குச் செல்லலாம்’ என்ற திட்டம் பலருக்கு நிறைவேறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேசையில் ஆட்கள் குறைந்தாலும் சுமை கூடும். நள்ளிரவுக்குப் பின் ஐந்து பேர் மட்டும் எஞ்சியுள்ளதாகக் கொள்வோம். சுற்றுகள் வேகமாக நடந்து மணிக்கு 40 ஆகும். கட்டணத்துக்கு உட்படும் சுற்றுகள் 33, சராசரி பாட் ரூ.4,000 என்றால், மொத்தக் கட்டணம் ரூ.6,600. ஒன்பது பேர் பகிர்ந்த சுமையை ஐவர் சுமப்பதால் தலைக்கு ரூ.1,320. இழந்ததை மீட்கலாம் என்று கடைசிவரை அமர்ந்திருப்பவர் ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்து அமர்ந்திருக்கிறார். இதனால்தான் ஆட்கள் குறைந்த மேசைகளுக்குச் சில இடங்களில் கட்டணம் குறைக்கப்படுகிறது.

ஆட்ட முடிவுகளையும் மாற்றும் கட்டணம்

சதவீத ரேக் லாபத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. எந்தச் சீட்டுடன் ஆட வேண்டும், எதனுடன் விலக வேண்டும் என்ற முடிவையும் மாற்றுகிறது.

பாட்டில் ரூ.2,000 உள்ளது. எதிராளி ரூ.1,000 பந்தயம் கட்டுகிறார். ஈடு கொடுத்துத் தொடர ரூ.1,000 தேவை, தொடர்ந்தால் மொத்த பாட் ரூ.4,000. கட்டணம் இல்லையெனில், நான்கில் ஒருமுறை, அதாவது 25 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தாலே தொடர்வது நஷ்டமாகாது. 5 சதவீதக் கட்டணம் இருந்தால் வென்றவருக்குக் கிடைப்பது ரூ.3,800, தேவையான வாய்ப்பு 26.3 சதவீதமாக உயரும். 10 சதவீதக் கட்டணம் என்றால் அது 27.8 சதவீதம்.

ஓரிரு சதவீத வேறுபாடு அற்பமாகத் தெரியலாம். ஆனால் போக்கரில் பல முடிவுகள் இத்தகைய நூலிழை வேறுபாட்டிலேயே அமைகின்றன. கட்டணமில்லா மேசையில் சிறு லாபம் தரக்கூடிய சீட்டுகள், கட்டணம் உள்ள மேசையில் சிறு நஷ்டம் தருபவையாக மாறுகின்றன. அதனால் அனுபவமுள்ளவர்கள் குறைவான சீட்டுகளுடன் மட்டுமே களமிறங்குகிறார்கள். ஃபிளாப்புக்கு முன் முடியும் சுற்றுக்குக் கட்டணம் இல்லாத இடங்களில், தொடக்கத்திலேயே பந்தயத்தை உயர்த்திச் சுற்றை முடித்துக்கொள்ள முயல்வதும் இதனால்தான். மாறாக, ஒவ்வொரு சுற்றிலும் சீட்டைப் பார்த்துவிடத் துடிக்கும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தானே சுமக்கிறார்.

நேரக் கட்டணம் இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. பாட் முழுமையாக வெற்றியாளருக்குச் செல்வதால், ஈடு கொடுப்பதா விலகுவதா என்ற கணக்கு மாறுவதில்லை. ஆனால் அதற்கும் வேறொரு விலை உண்டு. மணிக்கு ரூ.600 செலுத்துபவருக்கு 30 சுற்றுகள் கிடைத்தால் சுற்றுக்கு ரூ.20. டீலர் தாமதித்தோ ஆட்டக்காரர்கள் நீண்ட நேரம் யோசித்தோ 20 சுற்றுகள் மட்டுமே நடந்தால் சுற்றுக்கு ரூ.30. அரிதாகவே சீட்டைத் தொடும் நிதான ஆட்டக்காரரும் மற்றவர்களுக்கு இணையாகவே செலுத்த வேண்டும்.

போட்டித் தொடர்களில் எப்படி?

போட்டிகளில் கட்டணம் நுழைவுத் தொகையிலேயே அடங்கிவிடுகிறது. ரூ.11,000 நுழைவுத் தொகையில் ரூ.10,000 பரிசுத் தொகுப்புக்கும், ரூ.1,000 நடத்துநருக்கும் செல்வதாகக் கொள்வோம். செலுத்தியதில் 9.1 சதவீதம் கட்டணம். சராசரி ஆட்டக்காரர் ஒவ்வொரு போட்டியிலும் ரூ.1,000 இழக்கிறார். பரிசுத் தொகுப்பில் தனது பங்கைவிட 15 சதவீதம் கூடுதலாக வெல்லும் திறமை கொண்டவருக்குச் சராசரியாக ரூ.11,500 கிடைக்கும். அவருக்கு மிஞ்சுவது ரூ.500. பயணம், தங்குமிடச் செலவுகள் இதில் சேரவில்லை.

வெளியேறியவர் மீண்டும் பணம் செலுத்தி நுழைய அனுமதிக்கும் போட்டிகளில், ஒவ்வொரு மறுநுழைவுக்கும் கட்டணம் மீண்டும் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்டக்காரருக்குச் சாதகமான சூழலும் ஒன்று உண்டு. ரூ.15 லட்சம் பரிசு உறுதி என அறிவிக்கப்பட்ட போட்டிக்கு 100 பேர் மட்டுமே வந்தால், சேர்வது ரூ.10 லட்சம். மீதி ரூ.5 லட்சத்தை நடத்துநர் தனது பணத்திலிருந்து தர வேண்டும். அவர் பெற்ற கட்டணமோ ரூ.1 லட்சம். இத்தகைய போட்டியில் மட்டும் கட்டணம் ஆட்டக்காரர்களின் பக்கம் திரும்பிவிடுகிறது.

கட்டணத்தின் மேல் வரி

இந்தியாவில் ரேக் கட்டணத்துடன் கணக்கு முடிவதில்லை.

கேசினோக்களில் 2023 அக்டோபர் 1 முதல், ஆட்டக்காரர் சிப் வாங்கச் செலுத்தும் முழுத் தொகையின் மீது 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இது 40 சதவீதமாக உயர்ந்தது. வென்ற சிப்களை வைத்தே மீண்டும் ஆடினால் அதன் மீது மறுபடியும் வரி இல்லை. ஆனால் புதிதாகப் பணம் செலுத்தி வாங்கும் ஒவ்வொரு முறையும் வரி உண்டு. இந்த வரியை முழுமையாக ஆட்டக்காரரே ஏற்க நேர்ந்தால், ரூ.20,000 செலுத்துபவருக்கு ஏறத்தாழ ரூ.14,286 மதிப்புள்ள சிப்களே கிடைக்கும். முதல் சீட்டு வழங்கப்படுவதற்கு முன்பே ரூ.5,714 குறைந்துவிடும். முந்தைய உதாரண மேசையில் எட்டு மணி நேர ரேக் கட்டணத்துக்கு இது ஈடானது.

அடுத்தது வருமான வரி. சீட்டாட்டத்தில் வென்ற பணத்துக்கு 30 சதவீத நிலையான வரி உண்டு. கூடுதல் வரிகள் தனி. மற்ற வருமானத்துக்குக் கிடைக்கும் அடிப்படை விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. முக்கியமாக, செலவுகளையோ தோல்விகளையோ கழித்துக்கொள்ள அனுமதி இல்லை. ரூ.10,000-ஐத் தாண்டும் வெற்றித் தொகைக்கு மூலத்திலேயே வரி பிடித்தம் செய்யும் பொறுப்பு, பணத்தை வழங்குபவருக்கு உண்டு.

இதன் விளைவைப் பார்ப்போம். முதல் இரவு ரூ.50,000 வெற்றி, இரண்டாம் இரவு ரூ.30,000 தோல்வி, மூன்றாம் இரவு ரூ.15,000 தோல்வி. கையில் எஞ்சுவது ரூ.5,000. ஒவ்வோர் இரவையும் தனியாகக் கணக்கிட்டால், முதல் இரவின் வெற்றிக்கு மட்டும் வரி ரூ.15,000. ஆட்டத்தில் லாபம் பார்த்தவர், வரிக்குப் பின் ரூ.10,000 நஷ்டத்தில் நிற்கிறார்.

சட்டமும் கட்டணத்தையே பார்க்கிறது

ரேக் என்பது லாபக் கணக்கோடு தொடர்புடைய விஷயம் மட்டுமல்ல. ஓர் இடம் சட்டப்படி சூதாட்ட விடுதியா இல்லையா என்ற கேள்வியின் மையத்திலும் அது உள்ளது.

1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம், ஓர் இடத்தின் உரிமையாளரோ அதை நடத்துபவரோ, ஆட்டக் கருவிகளுக்காகவோ இடத்துக்காகவோ வேறெந்த வகையிலோ கட்டணம் பெற்று ஆதாயம் அடைவதையே ‘பொதுச் சூதாட்ட இல்லம்’ என்பதன் அடையாளமாக வரையறுக்கிறது. திறன் மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. மாநிலங்களின் பல சூதாட்டச் சட்டங்களும் இதே அடிப்படையில் அமைந்தவை.

ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்த ஆட்டம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செகந்திராபாத்தில் இயங்கிய மனமகிழ் மன்றம் தொடர்பான அந்த வழக்கில், உறுப்பினர்களிடம் பெறப்பட்ட அமர்வுக் கட்டணமும் ஆராயப்பட்டது. மன்றங்கள் வசதிகளுக்காக மிதமான கட்டணம் பெறுவதைச் சூதாட்ட ஆதாயமாகக் கருத முடியாது என்று கூறிய நீதிமன்றம், பணம் வைத்து ஆடப்படும் ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளரோ மன்றமோ லாபம் ஈட்டுவது நிரூபிக்கப்பட்டால் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்றும் குறிப்பிட்டது.

போக்கர் விஷயத்தில் நாடு முழுவதும் ஒரே நிலைப்பாடு இல்லை. திறன் ஆட்டமாக ஆடப்படும்போது போக்கருக்கு உரிமம் தேவையில்லை என 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. அது சூதாட்டமே என்ற நிலைப்பாட்டை 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் ஏற்றது. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றுடன் போக்கரையும் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. இணையவழி ரம்மி, போக்கர் ஆகியவற்றை அதிர்ஷ்ட ஆட்டங்கள் எனப் பட்டியலிட்ட தமிழ்நாடு சட்டத்தின் பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கோவாவில், 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1990-களில் செய்யப்பட்ட திருத்தங்களே, மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் கேசினோ மேசைகளுக்கு வழிவகுத்தன. சிக்கிமில் இதற்கென 2002-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது.

இந்தப் பின்னணியில், உரிமம் இல்லாத இடங்களில் ‘நண்பர்கள் கூடும் ஆட்டம்’ என்ற பெயரில் நடத்தப்படும் மேசைகள் இரட்டை ஆபத்து கொண்டவை. வீட்டுக்காரர் பாட்டிலிருந்து பங்கு எடுக்கத் தொடங்கும் கணமே, அந்த இடம் சூதாட்ட இல்லம் என்ற வரையறையை நெருங்குகிறது. அங்கு எடுக்கப்படும் சதவீதத்துக்கு அறிவிப்புப் பலகையும் இருக்காது, உச்சவரம்பும் இருக்காது, முறையிட இடமும் இருக்காது.

ஐக்கிய இராச்சியத்தில் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இந்த எல்லையைத் தெளிவாக வரையறுத்துள்ளது. மதுபான விடுதிகளில் சிறு பந்தயத்துக்குப் போக்கர் ஆடலாம். ஆனால் விடுதிக்காரர் பங்கேற்புக் கட்டணமோ, பந்தயப் பணத்திலிருந்து கழிவோ பெறக் கூடாது. ஆட்டத்தின் தன்மையைவிட, அதிலிருந்து நடத்துநர் எடுப்பது என்ன என்பதையே அந்தச் சட்டமும் உற்றுப் பார்க்கிறது.

அமரும் முன் அறிய வேண்டியவை

* கட்டணம் எத்தனை சதவீதம், உச்சவரம்பு எவ்வளவு, ஃபிளாப் இல்லாத சுற்றுக்கு விலக்கு உண்டா?

* ஜாக்பாட்டுக்கெனத் தனிக் கழிவு உள்ளதா?

* ஆட்கள் குறைந்தால் கட்டணம் குறைக்கப்படுமா?

* சிப் வாங்கும்போது ஜிஎஸ்டியை யார் ஏற்கிறார்கள்? செலுத்தும் பணத்துக்கு இணையான மதிப்பில் சிப் கிடைக்கிறதா?

* போட்டி எனில், நுழைவுத் தொகையில் பரிசுத் தொகுப்புக்குச் செல்லும் பங்கு எவ்வளவு?

* மேசையிலிருந்து ஒரு மணி நேரத்தில் எடுக்கப்படும் தொகையை ஆட்டக்காரர் எண்ணிக்கையால் வகுத்து, பெரிய பிளைண்ட் தொகையோடு ஒப்பிட்டால் வருவது என்ன?

கடைசிக் கேள்விக்கான விடைதான் மேசையின் உண்மையான விலை. பலகையில் எழுதப்பட்டுள்ள சதவீதம் அதைச் சொல்வதில்லை. மணிக்கு மூன்று, நான்கு பெரிய பிளைண்ட் என்ற விடை வந்தால், அந்த மேசையில் லாபம் காண மற்றவர்களைவிடச் சற்று நன்றாக ஆடுவது போதாது. வெகு தூரம் முன்னே இருக்க வேண்டும். ஒன்பது பேரும் தங்களைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டு அமர்வது இயல்பு. அவர்களில் எவர் நினைப்பு சரியானாலும் தவறானாலும், பெட்டிக்குள் விழும் தொகை மாறுவதில்லை.

போக்கரைப் பொழுதுபோக்காகக் கருதுபவர், திரைப்படச் சீட்டைப் போல அந்த மணிக்கணக்கு விலையை ஒரு செலவாக ஏற்றுக்கொண்டு, இழக்கத் தயாரான தொகையுடன் மட்டும் அமரலாம். அதனை வருமான வழியாகக் கருதுபவருக்கோ, வீட்டுச் செலவுக்கான பணத்தையும் கடன் பணத்தையும் கொண்டு வருபவருக்கோ, ரேக்கும் வரியும் சேர்ந்த இந்தக் கணக்கு வேறொரு விடையைத் தருகிறது: அவர் எதிரில் அமர்ந்திருக்கும் எட்டுப் பேரை வெல்வதோடு, ஒவ்வொரு சுற்றிலும் தன் பங்கை எடுத்துச் செல்லும் ஒன்பதாவது தரப்பையும் ஈடுகட்ட வேண்டும். அந்தத் தரப்பு சீட்டு எதையும் கையில் எடுப்பதில்லை, தோற்பதுமில்லை.